மூன்றாம் ஓலைக்கு முன்

மே 2, செவ்வாய்

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும், பின்னால் உதவும் என்று போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் என்னிடம் சொன்னார். அங்கே ஆயுத பூஜைக்கு மைக் செட் போடப் போயிருந்தபோது சொன்னது. அதனால்தான் பேட்டரிக் கடையில் கொடுத்த டைரியை இன்று எடுத்திருக்கிறேன். நான்கு மாதமாகச் சும்மா கிடந்தது. எழுதுகிற அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. ஆம்ப்ளிபயர் எரியும், சரி செய்வேன், மறுபடியும் எரியும்.

நேற்று குடும்ப ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது மகள் எப்சிபா சொன்னாள்: "அப்பா, ஜார்க்கண்ட்ல மலைக்காட்டுக்குள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. நர்ஸ் இல்லாமக் கஷ்டப்படுதாங்களாம். என்னையக் கேட்டிருக்காங்க. ஆண்டவர்தான் கூப்பிடுதாரோன்னு தோணுது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நீங்களும் ஜெபம் பண்ணுங்க."

இருபத்து நான்கு வயது. ஒரே பிள்ளை. பாளையங்கோட்டையில் நல்ல ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டிலிருந்து முக்கால் மணி நேர பஸ்.

"தேவ சித்தம் எதுவோ அது நடக்கட்டும்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். இருபது வருடமாகக் கோவிலுக்கு மைக் போடுகிறவன், போதாக்குறைக்கு மிஷன் சங்கத்துச் செயலாளர், வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் ஆண்டவர் கூப்பிடுவதாக இருந்தால் ஜார்க்கண்டுக்கு ஏன் கூப்பிட வேண்டும்? தென்காசியில் யாருக்கும் காய்ச்சலே வருவதில்லையா? இதில் யாரோ ஒரு மனுஷன் இருக்கிறான்.

மே 4, வியாழன்

முதல் சாட்சியம். சாயங்காலம் எப்சிபா மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் போனேன். துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை. வெறுங்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தியில் பேசுகிறாள். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்: "தர்த் கஹான் ஹோ ரஹா ஹை? கப் ஸே?" மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை மிகவும் கனிவாக.

மே 5, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் பானிபூரி போடுகிற வடநாட்டுக்காரரிடம் தாளைக் காட்டிப் படித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "எங்க வலிக்குது? எப்பலேருந்து?"

காதலர்கள் இதைத்தானே கேட்பார்கள்! வீட்டுக்கு வந்து மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

"நர்ஸும் அதத்தான் கேப்பா. இந்தி படிக்கா. ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?"

பாக்கியம் எப்போதிலிருந்து அந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இவளையும் கவனிக்க வேண்டும்.

மே 7, ஞாயிறு

ஆராதனையில் ரூபி மகள் பிரின்சிக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். வருகிற 25ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை சாயர்புரம் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். ரூபி புருஷன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தையல் மிஷினை மிதித்தே பிள்ளையைக் கரையேற்றிவிட்டாள். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதே, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்பதற்குத்தான். "யாருக்காவது ஆட்சேபணை உண்டானால்" என்று குருவானவர் நிறுத்தும்போது ஒரு பல்லி கத்தினாலும் சபை திரும்பிப் பார்க்கும். இன்று பல்லிகூடக் கத்தவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். நான்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, பிள்ளையை அனுப்புவது உமக்குச் சித்தமானால் அனுப்பும், நாங்கள் தடையாக நிற்கமாட்டோம்" என்றேன். நன்றாகவே வந்தது. கண்ணீரும் வந்தது. பிள்ளை ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

மே 9, செவ்வாய்

குருவானவரையும் விசாரித்தாகிவிட்டது. அவர் வீட்டு ஆம்ப்ளிபயரில் ஏதோ இரைச்சல் என்று நானே போனேன். (இரைச்சல் இல்லை. போனதற்கு ஒரு ஸ்குரூவை இறுக்கினேன்.) மேசையில் மிஷன் பத்திரிகை கிடந்தது.

"ஐயா, எங்க எப்சிகிட்ட ஜார்க்கண்டப் பத்தி யாரும் ஏதும் பேசினாவளா?"

"ஜார்க்கண்டா? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். நல்ல விஷயம்லா அண்ணாச்சி! ஞாயித்துக்கிழம அறிவிச்சுருவமா?"

"வேண்டாம் வேண்டாம். இன்னும் சித்தம் தெரியல."

"நீங்க ஜெபிக்கியளா?"

"தினமும்."

அது பொய் இல்லை. தினமும் ஜெபிக்கிறேன். வாயால் ஒன்று, வயிற்றால் ஒன்று.

மே 11, வியாழன்

வயிற்றால் ஜெபிப்பது போய்ச் சேருகிறதா என்று சந்தேகம். சபை கூடி ஜெபித்தால் பலம் அதிகம். கோவில் வாசலில் விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம், பெயர் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் குருவானவர் வாசிப்பார், எல்லாரும் ஜெபிப்பார்கள்.

எழுதினேன். என் எழுத்து அறிவிப்புப் பலகையில் ஊரே பார்த்தது, ஆகையால் இடது கையால்:

"ஒரு வாலிபப் பெண் தன் வாழ்க்கையைக் குறித்து எடுத்திருக்கிற தவறான தீர்மானம் நிறைவேறாதபடி கர்த்தர் தடை செய்ய, ஊக்கமாய் ஜெபிக்கவும்."

பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவனுக்கு மோசமில்லாத வசனம். பெயர், ஊர் எதுவும் இல்லை. ஆண்டவருக்குத் தெரியாதா?

மே 12, வெள்ளி

வாசித்தார். என் சீட்டு வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வெளியே இருக்கிற குழாய் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன், பண்டிகைக்கு மட்டும் போடுவது. எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை பேர் ஜெபிப்பார்கள் என்ற எண்ணம்தான். டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

எல்லாரும் மிகவும் ஊக்கமாக ஜெபித்தார்கள். இவ்வளவு ஊக்கத்தை நம் சபையில் நான் பார்த்ததில்லை. சிலர் ஒரு கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்கள். ரூபியைப் பார்த்தபடி. ஏன் என்று தெரியவில்லை.

மே 13, சனி

ஏன் என்று தெரிந்தது. பாக்கியம் மாவரைக்கப் போய்விட்டு வந்து சொன்னாள்.

"ஏங்க, நேத்து வாசிச்ச சீட்டு பிரின்சியப் பத்தியாம்லா?"

"யாரு சொன்னா?"

"சொல்ல வேற செய்யணுமா? போன ஞாயிறுதான் ஓலை வாசிச்சாவ. இந்த வெள்ளிக்கிழம 'வாலிபப் பெண், தவறான தீர்மானம், தடை செய்யணும்'னு சீட்டு. வேற யாருக்கு இந்த ஊர்ல தீர்மானம் நடக்கு? பிள்ளைக்கு இந்த மாப்பிள்ள இஷ்டமில்லையாம். வேற எடத்துல பழக்கமாம். ஒருத்தி பேரையே சொல்லிட்டா."

"என்ன பேரு?"

"பாத்தியளா, ஒங்களுக்கே கேக்கணும்னு தோணுது."

நான் பொதுவாகத்தான் எழுதினேன். பொதுவாக எழுதினதை ஊர் குறிப்பாக எடுத்துக்கொண்டால் எழுதினவன் என்ன செய்வான்?

மே 14, ஞாயிறு

இரண்டாம் ஓலை. "யாருக்காவது ஆட்சேபணை உண்டானால்" என்றதும் முப்பது நாற்பது தலை திரும்பியது. பிரின்சி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபி நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் வயர் ஒன்று தளர்ந்திருந்தது. ஆராதனை முடியும்வரை அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 15, திங்கள்

எப்சிபா தண்ணீர் பாட்டிலை மறந்து பஸ் ஏறிவிட்டாள். டிவிஎஸ்ஸில் துரத்திப் போய் மூன்றாவது நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கண்டக்டர் சிரித்தார். ஜார்க்கண்டில் யார் துரத்துவார்கள்?

மே 17, புதன்

குருவானவர் என் மைக் செட் கடைக்கே வந்துவிட்டார். கையில் என் சீட்டு.

"மாப்பிள்ளையோட அப்பா போன் பண்ணினாரு அண்ணாச்சி. எப்படியோ அங்க தெரிஞ்சிருக்கு. சீட்டு எழுதினது யாரு, எதுக்குன்னு தெரியாம மூணாம் ஓலைய வாசிக்கக் கூடாதுங்காரு. ரூபியம்மா அழுத அழுகையப் பாக்க முடியல. ஒங்களுக்குச் சபையில எல்லார் எழுத்தும் பழக்கம். இது யாரு எழுத்துன்னு சொல்லுங்க."

வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன்.

"இடது கை எழுத்து மாதிரி இருக்கு ஐயா."

"சபையில இடது கைக்காரங்க யாரு யாரு?"

இரண்டு பேர் உண்டு. இரண்டு பேர் பெயரையும் சொன்னேன்.

அவர் போன பிறகு ஒரு ஸ்பீக்கரைப் பிரித்தேன். மறுபடி பூட்டத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பூட்டுகிற ஸ்பீக்கர்.

மே 18, வியாழன்

குடும்ப ஜெபத்தில் "ஆண்டவரே, உம்முடைய சித்தத்தை எங்களுக்குத் தெரியப்படுத்தும்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஒருவேளை அந்த நிமிஷமே தெரியப்படுத்திவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டது. நேற்றிலிருந்து எனக்கு அது தெரியாமலும் இல்லை. ரூபி வீடு நாலாவது தெருவில்தான் இருக்கிறது.

"ஏன் பாதியில நிப்பாட்டிட்டிய?" என்றாள் பாக்கியம்.

"தொண்ட கட்டுது."

"சுக்கு தட்டிப் போடவா?"

இவள் பார்க்கிற பார்வை சரியில்லை.

மே 19, வெள்ளி

உபவாச ஜெபம். பெட்டியில் இந்த வாரம் பதினோரு சீட்டு. குருவானவர் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். ஒன்றையும் வாசிக்கவில்லை. ஊரே பிரின்சிக்காகப் பாரப்பட்டுச் சீட்டு எழுதிவிட்டது.

ரூபி எழுந்து நின்றாள். "எம்பிள்ள ஒரு தப்பும் செய்யல. எழுதினவுக யாரா இருந்தாலும் என் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன்" என்றாள். நான் மைக்கை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அது என் வேலை.

மே 20, சனி

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் போனேன். ரூபி சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பிரின்சி உள்ளே கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. கல்யாணத்துக்கு மைக் வேண்டாம்னு சொல்லணும்னு நானே நெனச்சேன். கல்யாணமே இருக்குமான்னு தெரியல."

"ரூபி, அந்தச் சீட்டு நான் எழுதினது."

ஊசியை அவள் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"எம்பிள்ளையப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒன் பிள்ளையப் பத்தி இல்லம்மா. எம்பிள்ளையப் பத்தி. எப்சி ஜார்க்கண்டுக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறேங்கா. அது நடக்கக் கூடாதுன்னு எழுதினேன்."

சண்டைக்கு வரமாட்டேன் என்றவள் வரத்தான் செய்தாள். "எட்டு நாளு அண்ணாச்சி! எட்டு நாளா வாயத் தொறக்காம வயர முறுக்கிட்டு இருந்திருக்கிய! எம்பிள்ள சோறு திங்கல!" கையில் இருந்த அளவுகோலால் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அடிக்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்புங்க சாயர்புரத்துக்கு. இப்பவே."

பஸ்ஸில் அவளே டிக்கெட் எடுத்தாள். எனக்கு ஜன்னல் சீட்டைக்கூடக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முழுக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் உலகத்தில் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

"ரூபியம்மா ஒரு ஆளப் பேசிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? நான் எப்படி நம்ப?"

குருவானவர் அனுப்பியிருந்த சீட்டின் படம் அவர் போனில் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். "எழுதுங்க. அதே கை."

ஐம்பத்தாறு வயதில், ஆறு பேர் பார்க்க, இடது கையால் எழுதினேன். நெற்றி வியர்வை தாளில் விழுந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"சரி, நீங்கதான். ஒண்ணு கேக்கேன். ஒங்க பிள்ள போறது எங்க?"

"மிஷன் ஆஸ்பத்திரிக்கு."

"நீங்க கோவில்ல என்ன பொறுப்பு?"

"மைக்... அப்புறம் மிஷன் சங்கச் செயலாளர்."

"மிஷன் சங்கத்துல இதுவரைக்கும் யாரையாவது அனுப்பியிருக்கியளா?"

"காணிக்கை அனுப்புதோம் சார்."

ரூபிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடினாள். அவரும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் எழுந்து வெளியே போய் பிரின்சிக்குப் போன் போட்டான். நாளைக்கு ஓலை வாசிக்கலாம் என்று அவர் குருவானவருக்குச் சொன்னார். திரும்பி வருகிற வழியில் அந்த இரண்டு இடதுகைக்காரர்கள் வீட்டுக்கும் போனேன். ஒருவர் காப்பி கொடுத்தார். மற்றவர் கதவைச் சாத்தினார். இரண்டும் நியாயம்தான்.

இனி எப்சிபா. ஊர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொன்னேன். பாக்கியம் கதவருகே நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. பிறகு கேட்டால், எனக்கு இடது கைக் கட்டைவிரலில் மை இருந்ததாம், பதினோராம் தேதி. "நீங்களாச் சொல்லணும்னு ஆண்டவர்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்கிறாள். என் வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு ஜெபம் நடந்திருக்கிறது.

எப்சிபா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, அப்ப தினமும் ஜெபிச்சது?"

"பொய்யும்மா."

"எனக்குப் பயமா இருந்துச்சுப்பா. நீங்க ஒரு வார்த்த வேண்டாம்னு சொன்னா, அதையே சாக்கா வச்சு இங்கயே இருந்துரலாம்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க 'உமக்குச் சித்தமானா அனுப்பும்'னு கண்ணீரோட ஜெபிச்சிய. அப்பாவே என்னைய இப்படி ஆண்டவருக்குத் தத்தம் பண்ணும்போது நான் பயப்படலாமான்னுதான் சம்மதம்னு எழுதினேன். எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

"இப்ப நெசத்தச் சொல்லுங்க. வேண்டாம்னா போகல. மனசுல ஒண்ணும் வச்சுக்கவும் மாட்டேன்."

கேஸ் எனக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

மே 21, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. ஆட்சேபணை இல்லை. இன்று தலைகள் என் பக்கம் திரும்பின. பழகிக்கொள்ள வேண்டும்.

மே 23, செவ்வாய்

இன்று ஆண்டவர் மேலேயே சந்தேகம். நான் கேட்டதைக் கேட்ட நேரத்தில் தராமல், இப்போது கையில் வைத்துக்கொண்டு "வேண்டுமா?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. வேண்டும்தான். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. மொழி முழுசாகத் தெரியாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் கிடையாது. இவ்வளவு நியாயமான காரணங்களை ஒரு தாளில் எழுதினேன். பத்தொன்பது வந்தது. வாசித்துப் பார்த்தால் பத்தொன்பதிலும் நான்தான் இருக்கிறேன்.

மே 25, வியாழன்

பிரின்சி கல்யாணம். கோவிலிலும் பந்தலிலும் மைக் போட்டேன். மணவறையிலிருந்து இறங்கி வரும்போது அந்தப் பிள்ளை என்னிடம், "மாமா, எனக்கும் எப்சிக்காவுக்கும் சேத்து ஜெபிங்க. சீட்டு மட்டும் எழுதிராதிய" என்றாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான்.

சாப்பாடு நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

மே 26, வெள்ளி

குடும்ப ஜெபத்தில் பாக்கியம் ஆரம்பிக்கப் போனாள். நான் ஜெபிக்கிறேன் என்றேன். அழகாக வரவில்லை. வந்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன்:

"ஆண்டவரே, எனக்கு இவள அனுப்ப மனசில்ல. இதுவரைக்கும் ஒம்மகிட்டப் பொய் சொன்னேன். இவ போயிட்டா இந்த வீட்டுல நான் என்ன செய்வேன்னு தெரியல. எடுத்துராதேயும்னுதான் கேக்கேன், இப்பவும் அதத்தான் கேக்கேன். ஆனா நீர் கூப்பிட்டிருந்தா நான் குறுக்க நிக்கப்படாது. சந்தோஷமாத் தர என்னால முடியல. மனசில்லாமத்தான் தாரேன். அப்படியே எடுத்துக்கிடும்."

பாக்கியம் ஆமென் சொல்ல நேரமாயிற்று. எப்சிபா சொல்லவே இல்லை. என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தாள அனுப்பிரும்மா" என்றேன்.

"பயமா இருக்குப்பா."

"எனக்குந்தான். அனுப்பு."

மே 29, திங்கள்

ரயில்வே ஸ்டேஷனுக்கு நானே போனேன். ராஞ்சி வரைக்கும் அவளோடு போய், ஆஸ்பத்திரியைப் பார்த்து, கிணறு எங்கே இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. என்னுடைய குணம் ஒரே வாரத்தில் மாறிவிடாது.

போவதற்கு ஒரு படிவம், வருவதற்கு ஒரு படிவம். எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை என் பக்கமே தள்ளினாள்.

"போறதுக்கு ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. திரும்பி வர்றதுல பேரே எழுதலையே. யாரு வர்றா?"

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

அவளிடமே பேனா வாங்கி, என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.